பூக்கட்டிப் பார்க்கிற லீலாவதி

கை பின்னிக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே நிஜாமுதீன் பாலத்து நெரிசலை எடை போட்டுக்கொண்டிருக்கும். மூன்றையும் ஒரே சமயத்தில் செய்வதில் லீலாவதிக்கு ஒரு சிரமமும் இல்லை. வியர்வைதான் சிரமம். ஏப்ரல் மாத தில்லியில், அலுவலகக்காரர்களை அள்ளிக்கொண்டு போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில், கனத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு பின்னுவதென்றால் சும்மாவா? மூக்கு நுனியில் திரளும் துளியைத் தோளில் ஒற்றிக்கொள்வாள், ஊசி நிற்காது. மயூர் விஹாரில் ஏறும் மற்ற பெண்களெல்லாம் ஹோலியோடு குளிர் போய்விட்டது என்று நூல்கண்டுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, இப்போது மடியில் பீன்ஸ் நார் உரிக்கிறார்கள். லீலாவதி மட்டும் மூடவில்லை. மகள் அமெரிக்கா போகிறாள். அங்கே குளிர் ஹோலிக்கெல்லாம் கட்டுப்படாதாம்.

லீலாவதிக்கு ஐம்பது வயது. அம்பாசமுத்திரத்துக்காரி. மத்திய அரசு மந்திராலயம் ஒன்றில் அஸிஸ்டெண்ட். கல்லூரி முடித்ததும் பரீட்சை எழுதி தில்லிக்கு வந்தவள். வந்த முதல் குளிர்காலத்தில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தவளைப் பக்கத்து மேஜை கமலேஷ் பிடித்து இழுத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தாள். அன்று தொட்டு இருவருக்கும் ஒரே பஸ், ஒரே சீட். லீலாவதியின் தமிழில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. இந்தி அதன்மேல் வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. "ஜல்தி கிளம்புட்டி, பஸ் போயிரும்லா" என்றுதான் மகளை விரட்டுவாள். "அச்சா, பொறவு?" என்றுதான் அடுத்தவர் கதையைக் கேட்பாள்.

இந்த அளவுக்குத் தில்லித் தமிழர்களில் பாதிப் பேர் தேறுவார்கள். லீலாவதிக்கென்றே உள்ளது வேறொன்று. பெரிய காரியம் எதையும் அவள் தானாக முடிவு செய்ய மாட்டாள். பூக்கட்டிப் பார்ப்பாள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, இரண்டு பொட்டலம். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகன் சன்னிதி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வாள். எடுத்ததில் என்ன நிறமோ அதுதான் உத்தரவு. அப்பீல் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமும் கிடையாது; அப்படியே கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். "சாமி வேண்டாம்னு தள்ளினதை நாம எதுக்குப் பிரிக்கணும்?" என்பாள்.

அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. ஊரில் ரோஜாவும் மல்லிகையும் வைத்துப் பார்ப்பவர்களை அவள் மதிப்பதில்லை. "தடவினாலே தெரிஞ்சிருமே, அது என்ன பூப்பாக்கது?" என்று கேட்பாள். அவளுக்கு இரண்டும் அரளியாக இருக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே காகிதம், பின்னி மிஞ்சிய ஒரே நிறக் கம்பளி நூலில் ஒரே மாதிரி முடிச்சு. எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று கட்டியவளுக்கே தெரியாதபடி முந்தானைக்குள் போட்டுக் குலுக்கிய பிறகுதான் படியேறுவாள். டெண்டர் திறக்கிற அதிகாரிகூட இவ்வளவு சுத்தமாக இருந்ததாகக் கேள்வியில்லை.

மயூர் விஹார் சொஸைட்டியில் வீடு வாங்கலாம் என்றது அரளி. மகள் இளவரசி பதினொன்றாம் வகுப்பில் சயன்ஸ் எடுக்கட்டும் என்றது அரளி. அவ்வளவு ஏன், லீலாவதியைப் பெண் கேட்டு வந்த இரண்டு வரன்களில் ரத்தினவேலைத் தேர்ந்தெடுத்ததும் அதுதான். பொதுத்துறை நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கும் ரத்தினவேல் அதிகம் பேசாத மனிதர். ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் மட்டும், "நான் செவப்புப் பூவுல வந்தவன்லா" என்று ஒருமுறை சொல்லிக்கொள்ளாமல் இருக்க மாட்டார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மார்ச் மாதம் இந்த வீட்டுக்குள் அமெரிக்கா நுழைந்தது. தில்லியில் சிவில் எஞ்சினியரிங் முடித்திருந்த இளவரசி, மார்க்கெட் சைபர் கஃபேயிலிருந்து மாடிப்படி முழுக்கக் கத்திக்கொண்டே ஏறி வந்தாள். "அம்மா! கிடைச்சிருச்சு! ரெண்டுமே!" லீலாவதி தோசைக் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். ரத்தினவேல் ஒரு பக்கக் கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்று, "ரெண்டுமா? ரெண்டுமேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுப்பில் தோசை கருகியதைப் பற்றி அந்த வீட்டில் அன்று யாருமே கவலைப்படவில்லை.

இரண்டு பல்கலைக்கழகங்களும் உதவித்தொகையோடுதான் கூப்பிட்டிருந்தன. ஒன்றின் பெயரைச் சொன்னால் பால் பூத்காரருக்குக்கூடத் தெரியும். அங்கே பாலங்கள், கட்டடங்கள் பற்றிய படிப்பு. லீலாவதி அதற்கு 'பெரிய பேரு' என்று பெயர் வைத்தாள். மற்றதன் பெயரைச் சொன்னால், எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அங்கே நகரப் போக்குவரத்துப் படிப்பு; நடுவில் ஆறு மாதம் அந்த ஊர் பஸ் இலாகாவிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அதற்கு 'பஸ் காலேஜ்'. இரண்டில் எது என்று ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் போக வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றால் மற்றது கைவிட்டுப் போய்விடும்.

"பஸ் விடுததுக்கு அமெரிக்கா போவணுமாட்டி? இங்கன டி.டி.சி.ல சேந்தா போதாதா?" என்றாள் லீலாவதி.

"பஸ் விடறது இல்லம்மா. பஸ் எங்க நிக்கணும், எந்த வழில போகணும்னு ப்ளான் பண்றது." தில்லியிலேயே பிறந்து வளர்ந்த இளவரசிக்குத் தமிழில் கொஞ்சம் பேசியதும் மூச்சு வாங்கும், இந்திக்குத் தாவிவிடுவாள். அன்று தாவாமல் கஷ்டப்பட்டுத் தமிழிலேயே விளக்கினாள். அந்த வருஷம் அமெரிக்காவில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. படிப்பை முடித்த அந்நிய மாணவர்கள் வேலை தேடிக்கொள்ளக் கொஞ்ச அவகாசம்தான் தருவார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது மாடி ஸ்ரீதர் அப்படித்தான் போன மாதம் திரும்பி வந்து, பகலெல்லாம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தான். பஸ் காலேஜிலோ படிக்கும்போதே வேலைக்குள் காலை வைத்துவிடலாம். பிடித்துப்போனால் அவர்களே வைத்துக்கொள்ளவும் கூடும்.

லீலாவதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் மகளுக்குப் பெரிய பேரில் இடம் கிடைத்திருக்கிறது என்று அறிவித்துவிட்டாள்! கமலேஷ் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி லட்டு வாங்கினார்கள். டிரைவர் இரண்டு எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மந்திராலயத்தின் மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. லீலாவதியை அதுவரை பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிராத ஜாயின்ட் செகரெட்டரி லிஃப்டில் வாழ்த்துச் சொன்னார். அன்றைக்கே அவள் கனமான நூலாகப் பார்த்து வாங்கிவந்தாள். பெரிய பேர் இருக்கிற ஊரில் பனி முழங்கால்வரை விழுமாம்.

வீட்டில் இரண்டு வாரம் ஒரே தர்க்கம். சண்டை என்று சொல்ல முடியாது. இருவருமே சந்தோஷத்தில் இருந்ததால் சண்டை பாதியில் சிரிப்பாகிவிடும். கடைசியில் லீலாவதி தன் ஆயுதத்தை எடுத்தாள்.

"பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா பெரிய பேரு. செவப்பு வந்தா ஒன் பஸ் காலேஜ். சித்திரை ஒண்ணு அன்னைக்கு வச்சுக்கிடுவோம். மறுநாள்தான கெடு?"

இளவரசிக்குப் பூவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். லட்டு வாங்கிய பஸ்ஸையும் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "டீக் ஹைம்மா" என்று ஒப்புக்கொண்டாள். ரத்தினவேல் வழக்கம்போல, "பூ என்ன சொல்லுதோ அதான்" என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அரளியின் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது என்று சொன்னேன். மீற வேண்டும் என்று தோன்றியதே இல்லையா என்றால், ஒருமுறை தோன்றியிருக்கிறது. இளவரசி இரண்டாம் வகுப்புப் படித்தபோது, வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்க்க லீலாவதிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாமியார் வேண்டாம் என்றார். அம்மா வேண்டாம் என்றார். கமலேஷ் மட்டும் போ என்றாள். போகலாம் என்றால் சிவப்பு, வேண்டாம் என்றால் வெள்ளை. ஒரு குழந்தை வெள்ளையை எடுத்தது. "சரி, முருகன் சொல்லிட்டான்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தவள், வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பூ வந்த பிறகுதான் தனக்கு எது வேண்டியிருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பிறகு குழாயை மூடி, முகத்தைக் கழுவிக்கொண்டு, மகளுக்குப் பூரி பொரித்தாள். இதை அவள் ரத்தினவேலிடம்கூடச் சொன்னதில்லை. பெரிய வருத்தம் என்று சொல்வதற்கில்லை. எங்காவது விமானச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

சித்திரை பிறக்கச் சில நாள் இருந்தபோது, இளவரசிக்குக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கும் வேலை இருந்தது. அம்மாவின் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள். அன்றைக்கென்று பிரகதி மைதான் பக்கத்துச் சிக்னலில் பஸ் மாட்டிக்கொண்டது. பச்சை விழும், முன்னால் நிறுத்தத்தில் நிற்கிற அரசாங்க டி.டி.சி. பஸ் நகராது, மறுபடி சிவப்பு விழும். பெண்கள் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் எல்லோருமே அரசாங்கத்தில்தான் வேலை பார்ப்பவர்கள்.

"கவர்ன்மென்ட் தப்பு இல்ல ஆன்ட்டி, ஸ்டாப் தப்பு" என்று இந்தியில் சொல்லிக்கொண்டு எழுந்தாள் இளவரசி.

எஞ்சின் மூடியின் மேல் கமலேஷின் கைப்பையை வைத்தாள். அது சிக்னல். எல்லோரிடமும் டிபன் டப்பாக்களை வாங்கி வரிசையாக அடுக்கினாள். அவை பஸ்கள். கைப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, அதுதான் நிறுத்தம் என்றாள். சிக்னலுக்கு முன்னால் ஆள் ஏற்ற நிற்கிற ஒரு டப்பா பின்னால் வருகிற அத்தனை டப்பாக்களையும் எப்படி முடக்குகிறது என்று நகர்த்திக் காட்டினாள். பிறகு பாட்டிலைத் தூக்கிக் கைப்பைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். "இப்ப பாருங்க." ஒரு டப்பா கைப்பையைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதும். பெண்கள் 'அரே வாஹ்' என்று கை தட்டினார்கள். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பின்னால் ஹாரன்கள் அலறிய பிறகுதான் பச்சை விழுந்ததே தெரிந்தது. "பையா, ஆகே தேகோ!" என்று டிரைவரை முன்னால் பார்க்கச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். இளவரசி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னமெல்லாம் சிவந்து, தலைமுடி கலைந்து, ஒரு கையில் யாருடைய பராத்தா டப்பாவோ இருந்தது.

"அந்த ஸ்டாப்பை எங்கே வைப்பது என்று யார் தீர்மானிப்பது மகளே?" என்று கேட்டாள் கமலேஷ்.

"அதுக்குன்னு ஆஃபீஸ் இருக்கு ஆன்ட்டி! அங்க ஆறு மாசம் அவங்களோடயே உட்கார்ந்து, ஒவ்வொரு ரோடா போய்ப் பார்த்து..." என்று தொடங்கியவள், ஜன்னலோரம் அம்மா இருப்பதைப் பார்த்தாள். மடியில் அந்தக் கனத்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு டப்பாக்களை அவரவரிடம் கொடுத்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சும்மா சொன்னேம்மா" என்றாள். முகம் அமைதியாகிவிட்டது.

லீலாவதி குனிந்து பின்னலைப் பார்த்தாள். ஊசியிலிருந்து கண்ணிகள் கழன்று போயிருந்தன. அவளுக்கு அப்படி ஆனதே இல்லை; கமலேஷ் எட்டிப் பார்த்து 'ஹாய் ராம்' என்றாள். லீலாவதிக்கு அது காதில் விழவில்லை. குழாயை மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்ட அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. அன்று கண்ணாடியில் தெரிந்ததும் இதே மாதிரி அமைதியான முகம்தான். அதோடு கூடவே, இவ்வளவு பேரைக் கை தட்ட வைத்த இந்தப் பெண் தன் பெண் என்று ஒரு பெருமை, சொல்லி மாளாத பெருமை, பொங்கிக்கொண்டு வந்தது.

"நீ பஸ் காலேஜுக்கே போ" என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் இவள் கேட்கமாட்டாள். 'இல்லம்மா, ஒனக்குப் பிடிச்சதுக்கே போறேன்' என்பாள். பஸ் காலேஜுக்குப் போனாலும், அம்மா பஸ் முழுக்க லட்டு கொடுத்த பேரைக் கெடுத்துவிட்டோமே என்று அங்கே போய் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று லீலாவதிக்குத் தெரியும். அதனால் அன்று மாலை கீரை ஆய்கிற சாக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பஸ் காலேஜ் ஊருல குளிரு எப்படி?"

"அவ்வளவு இருக்காதும்மா. பாரிஷ்தான் ஜாஸ்தி. எதுக்கு?"

"மழையா? அச்சா, அச்சா. சும்மா கேட்டேன்."

சித்திரை முதல் நாள் மலை மந்திர் அடிவாரத்தில் தில்லித் தமிழர்கள் பாதிப் பேர் பட்டுப்புடவையிலும் வேட்டியிலும் திரண்டிருந்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. லீலாவதி அரக்கு நிறப் பட்டில், இரண்டு பழுப்புக் காகிதத் துண்டுகளையும் நீல நூலையும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து முதலில் குதித்தாள்.

"ரெட் வந்தா பஸ் காலேஜ், வைட் வந்தா பெரிய பேரு. கரெக்டா?" என்று கேட்டாள் இளவரசி. விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டாள். ஆனால் கைவிரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"கரெக்ட். பேச்சு மாறப்படாது. யாரும்" என்றாள் லீலாவதி.

"முருகன் சொன்னா யாருட்டி மாறுவா? நானே செவப்புப் பூவுல..." என்று ரத்தினவேல் ஆரம்பித்ததும், அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் செருப்பை விட்டுட்டு வாங்க. நான் பூ வாங்குதேன். போங்க, ஜல்தி!"

அவர்கள் கூட்டத்துக்குள் மறைகிறவரை லீலாவதி பார்த்துக்கொண்டு நின்றாள். பூக்காரர் அவளுக்குப் பழக்கமானவர். கேட்காமலே கூடையில் துழாவி, ஒரே அளவில் ஒரு சிவப்பு அரளியும் ஒரு வெள்ளை அரளியும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

லீலாவதி அண்ணாந்து மேலே கோபுரத்தைப் பார்த்தாள்.

"ஒன்னைய ஏமாத்தணும்னு இல்லப்பா" என்று முணுமுணுத்தாள். "இன்னைக்குக் கூட்டமா இருக்கு. ஒனக்கு ஒரு வேலை மிச்சம்."

வெள்ளை அரளியைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, அதே அளவில் இன்னொரு சிவப்புப் பூவைத் தேடி எடுத்தாள்.